டாலர் எதுக்கு அண்ணாச்சி?

வங்கியில் அந்நியச் செலாவணி மேஜையில் உட்கார்ந்தவன் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். டாலர் எதுக்கு? பருப்புக்கா, பாமாயிலுக்கா, மிஷினுக்கா, மகன் படிப்புக்கா? பதில் வாயில் இருந்தால் போதாது, காகிதத்தில் இருக்க வேண்டும். முதலில் விருதுநகரிலும் பிறகு சிவகாசியிலும் அந்த மேஜையில்தான் என் உத்தியோகக் காலத்தின் பெரும்பகுதி போனது. இப்போது ஓய்வு. தெரிந்தவர்களுக்கு இறக்குமதிக் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கேள்வியைக் கேட்டாலே பலருக்கு முகம் சுளிக்கும். "என் காசு, நான் டாலர் வாங்குறேன். உங்களுக்கு என்ன சார் அதுல?" என்று நேராகவே கேட்டவர்கள் உண்டு. 1973-ஆம் ஆண்டு ஃபெரா சட்டம் இருந்தவரை அப்படிக் கேட்கப் பயந்தார்கள். அது ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம். 2000 ஜூன் முதல் தேதி அதன் இடத்தில் ஃபெமா நடைமுறைக்கு வந்தபோது மிரட்டல் குறைந்தது, அபராதம் பிரதானமானது. கேள்வி மட்டும் போகவில்லை. அங்கீகாரம் பெற்றவரிடம்தான் வாங்க வேண்டும், அனுமதிக்கப்பட்ட காரியத்துக்குத்தான் வாங்க வேண்டும் என்ற இரண்டு கால்களில்தான் இன்றும் அந்தச் சட்டம் நிற்கிறது.

வெளியூர்க்காரர்கள் சிவகாசி என்றதும் பட்டாசைத்தான் நினைப்பார்கள். செலாவணி மேஜைக்குப் பட்டாசால் பெரிய வேலை கிடையாது. வெளிநாட்டுப் பட்டாசை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும், அதைக் கொடுப்பதில்லை. ஏற்றுமதி செய்யலாம் என்றாலோ, வெடிபொருள் ஏற்றக் கப்பல் கம்பெனிகள் தயங்குகின்றன. எங்களுக்கு வேலை கொடுத்தவர்கள் அச்சகக்காரர்களும் தீப்பெட்டிக்காரர்களும். ஜெர்மனியில் இருந்து பழைய ஹைடல்பெர்க், ஜப்பானில் இருந்து கொமோரி என்று ஆப்செட் மிஷின்கள் தூத்துக்குடியில் வந்து இறங்கும். அதற்கு யூரோவும் யென்னும் வேண்டும். தீப்பெட்டி ஆப்பிரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் போகும், அதற்கு டாலர் வரும். விருதுநகரில் கதை வேறு. பர்மா உளுந்து, ஆப்பிரிக்கத் துவரை, கனடாப் பட்டாணி, மலேசியப் பாமாயில் என்று சமையல்கட்டு முழுவதும் டாலரில்தான் வந்து சேரும். பத்திரிகையில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் படிக்கிறவர்கள் பலருக்கு, அந்த உளுந்து விலைக்குள் டாலர் விலையும் ஒளிந்திருக்கிறது என்பது தெரியாது.

ஒரு பில் எப்படி முடியும் என்று சொல்கிறேன். ரங்கூனில் இருந்து ஐந்து கன்டெய்னர் உளுந்து, மதிப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸ், கப்பல் ரசீது, எந்த நாட்டுச் சரக்கு என்ற சான்று, பூச்சி நோய் இல்லை என்ற சான்று எல்லாம் அந்த ஊர் வங்கி வழியாக எங்கள் கைக்கு வரும். அண்ணாச்சி கவுண்டருக்கு எதிரில் நிற்பார். நான் டீலிங் ரூமுக்குப் போன் போடுவேன். "ஒன் லேக் யூஎஸ்டி, இம்போர்ட், ஸ்பாட்." அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு ரேட் வரும், நாலு தசமம் வரைக்கும். யோசிக்கச் சில விநாடிதான் கிடைக்கும். அண்ணாச்சி தலையாட்டுவார். நான் "டன்" என்பேன். அந்த ஒற்றைச் சொல்லோடு ஒப்பந்தம் முடிந்தது. அதற்குப் பிறகு ரேட் இறங்கினாலும் ஏறினாலும் பேச்சுக் கிடையாது. ஒரு லட்சம் டாலரில் ஒரு பைசா என்பது ஆயிரம் ரூபாய். அதனால்தான் விருதுநகர்க்காரர் அரை பைசாவுக்கும் சண்டை போடுவார்.

கையில் ஸ்மார்ட்போன் வந்த பிறகு அந்தச் சண்டைக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. "கூகுள்ல 83.30 காட்டுது, நீங்க 83.55 போடுறீங்க. இருபத்தஞ்சு பைசா எங்க சார் போச்சு?" கேள்வி நியாயமானது. கூகுள் காட்டுவது வங்கிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொத்த விலை. வாடிக்கையாளருக்கு வங்கி தன் மார்ஜினை ஏற்றித்தான் கொடுக்கும். பெரிய ஏற்றுமதிக் கம்பெனி என்றால் இரண்டு மூன்று பைசாவில் முடித்துக்கொடுப்பார்கள். சிவகாசிப் பேப்பர் வியாபாரி என்றால் இருபது, முப்பது பைசாவைச் சத்தமில்லாமல் சேர்ப்பார்கள். நான் வங்கிக்காரன்தான். ஆனாலும் சொல்கிறேன், சிறிய இறக்குமதியாளரிடம் எங்கள் தொழில் வாங்கிய மார்ஜின் அதிகம். ஆன்லைனில் டாலர் வாங்கலாம் என்ற விளம்பரம் இந்த மாவட்டத்தில் எடுபட்டதற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம்.

டாலர் தேவைப்படுகிறவனுக்கும் சூதாட்டம் உண்டு. மூன்று மாதம் கழித்துப் பணம் கட்டவேண்டிய பில்லை இன்றே பார்வர்ட் போட்டு ரேட்டை நிறுத்திக்கொள்ளலாம். அதற்குக் கொஞ்சம் பிரீமியம் ஆகும். பலர் அதைத் தண்டம் என்று நினைப்பார்கள். 2013 மே மாதத்தில் யூரோ 71, 72 ரூபாய் இருந்தது. அச்சகக்காரர் ஒருவர் இரண்டு லட்சம் யூரோவுக்கு நாலு கலர் மிஷின் ஒன்று பேசி முடித்திருந்தார். "பாதிக்காவது பார்வர்ட் போடுங்க" என்று நச்சரித்தேன். முனகிக்கொண்டே பாதிக்குப் போட்டார். ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியது, யூரோ 90-ஐத் தொட்டது. பார்வர்ட் போடாத பாதியில் மட்டும் அவருக்குக் கூடுதலாக விழுந்த தொகையில் சிவகாசியில் நல்ல மனை ஒன்று வாங்கியிருக்கலாம்.

பார்வர்ட் போடாமல் இருந்தால் அப்படி. தேவைக்கு மேல் போட்டால் என்ன ஆகும் என்பதை 2008 காட்டியது. அப்போது வங்கிகளே புதுப்புது ஆப்ஷன் சரக்குகளைத் தூக்கிக்கொண்டு திருப்பூர், கோவை, சென்னை என்று கம்பெனி கம்பெனியாக அலைந்தன. பிரீமியம் கிடையாது, கட்ட வேண்டியது எதுவும் கிடையாது, இந்த எல்லையைத் தொடாதவரை உங்களுக்கு லாபம்தான் என்பார்கள். ரூபாயில் வியாபாரம் செய்கிறவன் தலையில் ஸ்விஸ் பிராங்கைக் கட்டினார்கள். பிராங்கும் யென்னும் ஏறின. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 100 யென் 37 ரூபாய்ப் பக்கம் இருந்தது, ஆண்டு முடிவில் 50-ஐத் தாண்டிவிட்டது. எல்லை உடைந்த பிறகுதான் நஷ்டத்துக்கு உச்சவரம்பு இல்லை என்ற வரியை வாடிக்கையாளர்கள் படித்தார்கள். கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. இது பந்தயம், பந்தய ஒப்பந்தம் செல்லாது என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. 2008 அக்டோபரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அதை ஏற்கவில்லை. படித்துத்தான் கையெழுத்துப் போட்டாய், கட்டுப்பட வேண்டும் என்பதே சாராம்சம். அந்தக் காலத்து டெரிவேட்டிவ் விற்பனைகளில் விதிகளை மீறியதற்காக 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. ஒரு வங்கிக்கு 5 லட்சத்தில் இருந்து 15 லட்ச ரூபாய் வரை. வாடிக்கையாளர்கள் தொலைத்தது கோடிகளில். அங்கீகாரம் பெற்றவரிடம் வாங்கினால் ஆபத்தே இல்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வங்கியை எதிர்த்து வழக்குப் போட ஒரு முகவரியாவது இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஆண்டு, 2008 ஆகஸ்ட் 29 அன்று, தேசியப் பங்குச் சந்தையில் டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸ் வந்தது. அக்டோபரில் எம்சிஎக்ஸ்–எஸ்எக்ஸ் சந்தையிலும். விருதுநகருக்கு அது பொருத்தமான சரக்கு. துவரைக்கும் உளுந்துக்கும் இருந்த ஆன்லைன் வாயிதா வியாபாரத்தை 2007 ஜனவரியில் அரசாங்கம் நிறுத்தியிருந்தது. திரையைப் பார்த்துப் பழகிய கைகள் சும்மா இருந்தன. டாலரில் ஒரு லாட் என்றால் ஆயிரம் டாலர். ஒரு பைசா நகர்ந்தால் பத்து ரூபாய். சில ஆயிரம் ரூபாய் மார்ஜின் கட்டினால் ஒரு லாட் எடுக்கலாம். மாதக் கடைசியில், அப்போது ரிசர்வ் வங்கி வெளியிட்ட ரெஃபரன்ஸ் ரேட்டில் கணக்கு முடியும். டாலர் கைக்கு வராது, லாப நஷ்டம் ரூபாயில் மட்டும். இறக்குமதி செய்கிறவர்கள் சிலர் இதையே பார்வர்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தினார்கள், செலவு குறைவு. இறக்குமதியே செய்யாதவர்களும் வந்தார்கள். அப்போது யாரும் அவர்களை டாலர் எதுக்கு என்று கேட்கவில்லை. பிறகு யூரோ, பவுண்டு, யென் வந்தன. 2018-ல் ரூபாய் இல்லாத மூன்று ஜோடிகளும் வந்தன: யூரோ–டாலர், பவுண்டு–டாலர், டாலர்–யென்.

இந்தப் பக்கம் சட்டப்படி ஒரு கதவு திறந்த அதே நேரத்தில் திருப்பூரில் வேறொன்று நடந்தது. பாசி ஃபாரெக்ஸ் டிரேடிங் என்ற பெயரில் ஒரு கம்பெனி. பணத்தைக் கொடு, நாங்கள் அந்நியச் செலாவணியில் போட்டுப் பெருக்கித் தருகிறோம் என்றார்கள். 2008, 2009 இரண்டே ஆண்டுகளில் 58,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 930 கோடி ரூபாய். உயர் நீதிமன்றம் வழக்கைச் சிபிஐயிடம் கொடுத்தது. 2022 ஆகஸ்டில் கோவையில் உள்ள முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டச் சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது, 171 கோடிக்கு மேல் அபராதம். கம்பெனி மூடப்பட்டதில் இருந்து தீர்ப்பு வரப் பதின்மூன்று ஆண்டு. அந்தப் பதின்மூன்று ஆண்டும் ஃபாரெக்ஸ் என்ற சொல்லை எங்கே சொன்னாலும் பெரியவர்கள் திருப்பூரை ஞாபகப்படுத்தினார்கள். அதன் ஒரு நல்ல விளைவு, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்தப் பெயரில் வந்த யாரிடமும் பணம் கொடுக்கவில்லை. பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. போன் இருந்தது.

காலம் அதற்கு வாகாக அமைந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும், பேரியம் நைட்ரேட் கூடாது என்றது. அதை எதிர்த்துச் சிவகாசி ஆலைகள் அந்த நவம்பரில் மூடப்பட்டு, 2019 மார்ச் வரை திறக்கவில்லை. அடுத்த ஆண்டு கொரோனா. அப்பாவின் ஆலையையோ ஏஜென்சியையோ நம்பியிருந்த இருபத்தைந்து வயதுப் பையன்களுக்கு வேலையும் இல்லை, எதிர்காலமும் தெரியவில்லை. பட்டாசு கடனில் போகும் சரக்கு. வடக்கே போன சரக்குக்குத் தீபாவளி முடிந்த பிறகுதான் வசூல் வரும். அப்படி வந்த பணம் அடுத்த சீசன் தொடங்கும்வரை கணக்கில் சும்மா கிடக்கும். போனில் ஃபாரெக்ஸ் ஆடச் சொல்லும் டெலிகிராம் குழுக்களின் ஆட்கள் சிவகாசியில் மும்முரமாக அலைந்தது அந்த மாதங்களில்தான்.

அலைகிறவர்களுக்கு ஐபி என்று பெயர். வெளிநாட்டு ஃபாரெக்ஸ் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். அவர் சேர்த்துவிட்டவர் எத்தனை லாட் ஆடினாலும், ஜெயித்தாலும் தோற்றாலும், லாட்டுக்கு இத்தனை டாலர் கமிஷன். அதனால் சேர்ந்தவன் நாளைக்கு முப்பது தடவை வாங்கி விற்றால்தான் அவருக்குச் சந்தோஷம். காலையில் "சிக்னல்" வரும்: தங்கத்தை வாங்கு, இங்கே நிறுத்து. கரன்சி என்று பேர், உண்மையில் பையன்கள் பெரும்பாலும் ஆடியது எக்ஸ்ஏயூயூஎஸ்டி என்கிற டாலர் விலைத் தங்கத்தை. இது இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட எந்தக் கரன்சி சந்தையிலும் இல்லாத ஜோடி. கம்பெனியின் முகவரி செயின்ட் வின்சென்ட் தீவிலோ வனுவாட்டுவிலோ இருக்கும். செயின்ட் வின்சென்டின் நிதி ஆணையமே, ஃபாரெக்ஸ் வியாபாரத்துக்கு நாங்கள் உரிமம் கொடுப்பதில்லை என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டி, பார்த்தீங்களா லைசென்ஸ் என்பார்கள்.

பையன்களை இழுத்தது லீவரேஜ். ஒன்றுக்கு ஐந்நூறு. பத்தாயிரம் ரூபாய் கட்டினால் ஐம்பது லட்ச ரூபாய்க்கு வாங்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது லட்சத்தில் பத்தாயிரம் என்பது 0.2 சதவீதம். விலை எதிர்ப்பக்கம் அவ்வளவு நகர்ந்தால் போதும், கட்டிய பணம் காலி. யூரோவோ தங்கமோ அந்த அளவு நகர ஒரு டீ குடிக்கும் நேரம்கூட வேண்டாம். இதைச் சிவகாசிப் பையனிடம் நான் வேறு மாதிரி சொல்வேன். மருந்துக் கலவை ரூமில் இத்தனை பேருக்கு மேல் நிற்காதே, இத்தனை கிலோவுக்கு மேல் வைக்காதே என்று வெடிபொருள் விதி ஏன் இருக்கிறது? நெருப்பு பிடிக்காமல் இருக்க அல்ல, பிடித்தால் எவ்வளவு போகும் என்பதற்கு வரம்பு கட்ட. லீவரேஜ் வரம்பும் அதேதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் எஸ்மா அமைப்பு 2018-ல் சில்லறை வாடிக்கையாளருக்கு முக்கியக் கரன்சிகளில் ஒன்றுக்கு முப்பதுக்கு மேல் கூடாது என்று கட்டியது. அப்போது அவர்கள் பல நாடுகளில் பார்த்த கணக்கின்படி, இந்த வகைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் இருந்தன. உரிமம் உள்ள, கண்காணிப்பு உள்ள கம்பெனிகளின் நிலவரமே அது.

இந்த விலையைத் தொட்டால் தானாக முடித்துவிடு என்று ஸ்டாப்லாஸ் போட்டால் போதுமே என்பார்கள். 2015 ஜனவரி 15 அன்று ஸ்விட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் தாங்கிப் பிடித்திருந்த கையைத் திடீரென்று எடுத்தது. விலை படிப்படியாக இறங்கவில்லை, குதித்தது. நடுவில் வாங்க ஆளே இல்லை. ஸ்டாப்லாஸ் எங்கே போட்டிருந்தாலும் எங்கோ தள்ளிப்போய்த்தான் முடிந்தது. லண்டனின் அல்பாரி கம்பெனி அதில் திவாலானது.

சரி, பணம் யாருக்குப் போகிறது? வெளிநாட்டு ஆப்பில் ஒருவர் வாங்கினால் மறுபக்கத்தில் விற்பவர் பெரும்பாலும் அந்தக் கம்பெனியேதான். சந்தைக்கு ஆர்டர் போவதே இல்லை. வாடிக்கையாளர் தோற்றால் அது கம்பெனியின் லாபம். விலையைக் காட்டும் திரையும் அவர்களுடையது. எதிரில் உட்கார்ந்து ஆடுகிறவனே சீட்டையும் கலைத்துப் போடுகிறான். இதைவிட மோசமான இன்னொரு வகை உண்டு. அதில் கம்பெனியே கிடையாது, ஆப் மட்டும். வாட்ஸ்அப்பில் பழகி, முதலில் ஐயாயிரம் போட்டதற்கு ஆறாயிரம் திருப்பிக் கொடுத்து, ஐந்து லட்சம் போட்ட பிறகு, லாபத்தை எடுக்க வேண்டும் என்றால் முதலில் இருபது சதவீதம் வரி கட்டு என்பார்கள். லாபத்தில் கழித்துக்கொள்ளாமல் தனியாக வரி கேட்கும் எந்தத் தரகரும் உலகத்தில் கிடையாது.

முதல் வகையில், அதாவது உண்மையிலேயே இருக்கும் வெளிநாட்டுக் கம்பெனியில், ஜெயித்தவனுக்கும் நிம்மதி இல்லை என்பதைச் சிவகாசியில் நேரில் பார்த்தேன். காலண்டர் அச்சகம் நடத்தும் குடும்பம். பையன் ஆப்பில் பணம் போட்டது வங்கியின் செலாவணி மேஜை வழியாக இல்லை, யுபிஐ வழியாக. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர்: ஒரு மளிகைக்கடை, ஒரு துணிக்கடை, வட மாநிலத்து ஏதோ ஒரு டிரேடர்ஸ். ரூபாய் அந்தக் கணக்குகளுக்குப் போகும், ஆப்பில் டாலர் ஏறும். பையன் ஒரு தடவை நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் லாபம் எடுத்தான். அது அச்சகத்தின் கரண்ட் அக்கவுன்ட்டுக்கு, முன்பின் தெரியாத ஒரு பெயரில் இருந்து வந்தது. மூன்றாம் வாரம் வேறு மாநிலத்துச் சைபர் கிரைம் போலீஸிடம் இருந்து வங்கிக்குக் கடிதம். அந்த நாற்பத்தெட்டாயிரம் அங்கே யாரோ ஒரு பெரியவரிடம் ஏமாற்றிப் பிடுங்கிய பணத்தின் ஒரு பகுதி. கணக்கு முடக்கம். மாதம் டிசம்பர், காலண்டர் சீசனின் உச்சம். பைண்டிங் ஆட்களுக்குச் சனிக்கிழமைக் கூலி, பேப்பர்க்காரருக்குக் கொடுத்த செக் எல்லாம் நின்றன. அந்த அப்பா என்னிடம் வந்து, "ஜெயிச்ச காசுக்கு ஏன் சார் இந்தப் பாடு?" என்றார். மாப்பிள்ளை வீட்டில் கடன் வாங்கிக் கூலி கொடுத்தார். கணக்கு மறுபடி திறக்க, பொங்கல் கழிந்து வெகுநாள் ஆகிவிட்டது. வாடிக்கையாளர் போடும் பணத்தையும் எடுக்கும் பணத்தையும் இப்படி வாடகைக் கணக்குகளில் சுற்றவிடுவதற்குக் காரணம் எளிது. இவர்களுக்கு இந்திய வங்கியில் நேர்வழியில் கணக்குத் திறக்க முடியாது.

நேர்வழியில் ஏன் அனுப்பக் கூடாது என்று கேட்கிறவர்கள் உண்டு. தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் 2004 பிப்ரவரியில் 25,000 டாலரில் தொடங்கியது. இப்போது ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். படிப்புக்கு அனுப்பலாம், வைத்தியத்துக்கு அனுப்பலாம், அமெரிக்கப் பங்குகூட வாங்கலாம். ஆனால் வெளிநாட்டுச் சந்தைக்கோ வெளிநாட்டுத் தரகருக்கோ மார்ஜின் கட்ட அனுப்பக் கூடாது, அங்கே கரன்சி வியாபாரம் செய்ய அனுப்பக் கூடாது என்று அந்தத் திட்டமே தடுக்கிறது. சாப்ட்வேர் வாங்க, டிராவல் செலவு என்று வேறு காரணம் எழுதி அனுப்பினால் அது பொய் உறுதிமொழி. ஃபெமாவின் 13-ஆம் பிரிவின்படி சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். தோற்ற பணத்துக்கும் இது பொருந்தும்.

2022 பிப்ரவரி 3 அன்று ரிசர்வ் வங்கி வெளிப்படையாக எச்சரித்தது: அங்கீகாரம் இல்லாத தளங்களில் கரன்சி வியாபாரம் செய்கிறவர்கள் மீதும் ஃபெமா நடவடிக்கை வரும் என்று. அதே ஆண்டு செப்டம்பரில் 34 பெயர்கள் கொண்ட எச்சரிக்கைப் பட்டியல் வந்தது. பிறகு அது நீண்டுகொண்டே போனது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அது நல்ல கம்பெனி என்று அர்த்தம் இல்லை என்று ரிசர்வ் வங்கியே அதில் எழுதியிருக்கிறது. எங்கள் பையன்கள் அதைத் தலைகீழாகப் படித்தார்கள். "சார், இது லிஸ்ட்ல இல்ல, அப்ப ஓகேதானே?"

அவர்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன? அந்த முதல் பட்டியலிலேயே இருந்த ஆக்டாஎஃப்எக்ஸ், 2021-ல் ஐபிஎல்லின் டெல்லி கேப்பிட்டல்ஸ் அணிக்கு விளம்பரதாரர். இரவு கிரிக்கெட்டில் பேர் தெரிகிற கம்பெனியைக் கள்ளக் கம்பெனி என்று நான் சொன்னால் எவன் நம்புவான்? புனே போலீஸில் பதிவான வழக்கை வைத்து அமலாக்கத் துறை பிறகு விசாரணையில் இறங்கியது. 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே மட்டும் இந்தியர்களிடம் இருந்து 1,875 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக அது சொல்கிறது. விளம்பரம் வந்தபோது தடுத்திருக்க வேண்டும். வந்து, ஓடி, பணம் போன பிறகு பட்டியல் போட்டது தாமதம் என்பதே என் கருத்து.

2024-ல் நடந்ததைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. ஜனவரி 5 அன்று வந்த சுற்றறிக்கை, இந்தியச் சந்தைகளில் கரன்சி ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எடுக்கிறவருக்கு உண்மையான அந்நியச் செலாவணிக் கடப்பாடு இருக்க வேண்டும் என்றது. 10 கோடி டாலர் வரை காகிதம் காட்ட வேண்டாம், ஆனால் கேட்டால் காட்டும் நிலையில் இருக்க வேண்டும். ஏப்ரல் 5-ல் நடைமுறை என்றார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் தரகர்கள் வாடிக்கையாளர்களிடம் உறுதிமொழி கேட்டார்கள், இல்லாவிட்டால் பொசிஷனை முடித்துக்கொள் என்றார்கள். விருதுநகரில் போன்கள் அலறின. மே 3-க்குத் தள்ளிவைத்தார்கள், சந்தை அதற்குள் வற்றிவிட்டது. விதி புதிது இல்லை, முன்பே இருந்ததைத்தான் நினைவூட்டினோம் என்றது ரிசர்வ் வங்கி. என் மேஜையின் கேள்வி கடைசியில் பங்குச்சந்தைத் திரைக்கும் போய்ச் சேர்ந்தது. கொள்கையளவில் அது சரி. நாட்டுக்குள் இருந்த, கணக்கு உள்ள, வரி கட்டுகிற, மோசடி செய்ய முடியாத கதவைச் சாத்திவிட்டு, போனுக்குள் திறந்திருக்கும் கள்ளக் கதவை அப்படியே விட்டதுதான் சரியில்லை. பழைய ஃபியூச்சர்ஸ்காரர்கள் சிலர் கடையைக் கட்டினார்கள். சிலர் வனுவாட்டுக்குப் போனார்கள்.

டாலர் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு ஆன்லைனில் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. 2019 ஆகஸ்ட் 5 அன்று கிளியரிங் கார்ப்பரேஷன் தொடங்கிய எஃப்எக்ஸ்–ரீடெய்ல் என்ற தளம். சிறிய இறக்குமதியாளரும் தன் வங்கி மூலம் பதிவு செய்துகொண்டு, டாலர்–ரூபாயின் நேரடி விலையைத் தானே திரையில் பார்த்து வாங்கலாம். வங்கி தன் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விலைக்குள் ஒளிக்க முடியாது. இன்வாய்ஸ் கொடுக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அதில் மாற்றம் இல்லை. இருபத்தைந்து பைசா எங்கே போச்சு என்று கேட்ட அண்ணாச்சிக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. ஆனால் எந்தக் கிளையும் தானாக முன்வந்து இதைச் சொல்வதில்லை. சொன்னால் மார்ஜின் போய்விடும்.

பணம் ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு: உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். பணம் போன முதல் சில மணி நேரத்தில் புகார் பதிவானால், அது அடுத்த கணக்குக்கு நகரும் முன்னே நிறுத்த வாய்ப்பு உண்டு. இரண்டு நாள் வீட்டுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு வருகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ரிசர்வ் வங்கியின் சாசேத் தளத்திலும் கம்பெனியின் பெயரைப் பதியுங்கள். ஃபெமா அபராதம் வருமோ என்று பயந்து மறைக்காதீர்கள், மறைத்தால் பணமும் வராது, பிரச்சினையும் போகாது.

என் பழைய மேஜைகளில் இப்போது உட்கார்ந்திருக்கும் இளைய அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். கவுண்டரில் கூகுள் ரேட்டைக் காட்டிச் சண்டை போடும் சிறிய வியாபாரிக்கு எஃப்எக்ஸ்–ரீடெய்லில் பதிவு செய்து கொடுங்கள். உங்கள் கிளையின் மார்ஜின் கொஞ்சம் குறையும், மேலே இருந்து கேட்பார்கள். குறைந்தால் குறையட்டும்.